முன்வரிசைத் தோல்

அந்தக் காகிதத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். மோகனாவுக்கு முதலில் பற்றிக்கொண்டு வந்தது அதைப் பார்த்துத்தான். பத்தாங்கட்டைத் தோட்டத்து ஆபீஸ் சுவரில் இதற்குமுன் சட்டம் போட்டுக்கொள்ளும் யோக்கியதை இரண்டுக்குத்தான் இருந்தது. ஒன்று, மந்திரி ஒருவர் வந்து தேத்தண்ணீர் குடித்த படம். இன்னொன்று, தேயிலைப் போட்டியில் கிடைத்த சான்றிதழ். இப்போது மூன்றாவதாக, பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஒற்றைத் தாள். அதில் மனுசத் தோலைக் குறுக்கே வெட்டிக் காட்டுகிற மாதிரி ஒரு படம், உள்ளே நீல நீலமாகப் பொட்டுகள்.

மேனேஜர் ராய்ஸ்டன் துரை எழுந்து போய் அந்தக் கண்ணாடியை விரலால் தட்டினார்.

"நான் சொல்லல சாரதா, ஆராய்ச்சி சொல்லுது. தேயிலைத் தோட்டத்துல பத்து வருசத்துக்கு மேல வேலை செஞ்சவங்க தோலு லெபே தாஹான்னு மலாய்ல போட்டிருக்கான். டவுன்காரன் தோலைவிடக் கூடுதலாத் தாங்குமாம். உனக்கு இங்க பதிமூணு வருசம். உன் கைக்கு மட்டும் புல்லு மருந்து எப்படிலா ஒத்துக்காமப் போகும்?"

சாரதா இரண்டு கையையும் சுவெட்டருக்குள் இழுத்துக்கொண்டாள். பதிமூன்று வருசமாக முதுகில் பம்பைக் கட்டிக்கொண்டு புல்லுக்கு மருந்தடிக்கிறவள் அவள். விரல் இடுக்கெல்லாம் வெடித்து, உள்ளங்கை தடித்து, விரல் முட்டிகளில் நீர் கோத்திருந்தது. முழுசாக முஷ்டி பிடிக்க முடியாது. பொத்தான் போட மகளைக் கூப்பிட வேண்டும். தானா ராத்தா கிளினிக் டாக்டர் பார்த்துவிட்டு, இவளை மருந்தடியிலிருந்து எடுத்து நர்சரியில் நாற்று வேலைக்குப் போடச் சொல்லி ஒரு சூராட் எழுதிக் கொடுத்திருந்தார். அந்தக் கடிதம் மேசைமேல் துரையின் காப்பிக் கோப்பைக்கு அடியில் கிடந்தது.

"வீட்டுல என்ன சவுக்காரம் போடுற?" என்றார் துரை.

மோகனாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. கோபம் வந்தால் அவளுக்குக் காது மடல் சிவக்கும். பெரட்டுக்களத்தில் நிற்கிற முப்பத்துநாலு பேருக்கும் அது தெரியும். ஒன்பது வருசமாக அவள் அந்த முப்பத்துநாலு பேருக்குக் கங்காணி. விடிகாலையில் பெரட்டுக்களத்தில் பேர் கூப்பிட்டு, யார் எந்த மலைக்கு, யார் மெசினுக்கு, யார் மருந்துக்கு என்று பிரித்து அனுப்புவது அவள் வேலை. சாரதாவுக்காகப் பேசத்தான் இன்று ஆபீசுக்கு ஏறி வந்திருந்தாள்.

"தொரை, சவுக்காரம் எங்க லயத்துல எல்லாரும் ஒண்ணுதான் போடுறோம். அவ கைதான் இந்த அளவுக்கு ஆயிருக்கு."

"அதைத்தான் நானும் சொல்றேன் மோகனா. எல்லாருக்கும் ஒண்ணும் ஆகல, இவளுக்கு மட்டும் ஆச்சுன்னா, கோளாறு மருந்துல இல்ல, இவ உடம்புல. யூனிவர்சிட்டியை விடப் பெரிய சாட்சி இருந்தா வெள்ளிக்கிழமை கொண்டாங்க. மாத்தல் எல்லாம் அன்னைக்குத்தான் பாக்குறேன். இல்லாட்டி அவ பம்பு தூக்கட்டும். முடியாட்டி வேலையை விட்டு நின்னுக்கட்டும்."

ராய்ஸ்டன் துரை ஒன்றும் வானத்திலிருந்து குதித்தவர் அல்ல. இதே தோட்டத்தில் முன்பு கணக்கெழுதிய ஒரு கிராணியின் பிள்ளை. இதே மலையில் ஓடிப் பிடித்து விளையாடியவர். அதனால்தான் 'எனக்குத் தெரியாதா உங்களை' என்ற ஒரு சிரிப்போடு இதையெல்லாம் அவரால் சொல்ல முடிந்தது. அந்தச் சிரிப்பு இல்லாமல் சொல்லியிருந்தால் மோகனாவுக்கு வயிறு இவ்வளவு எரிந்திருக்காது.

வெளியே வந்தபோது கிராணி பழனியப்பனின் மேசைக்கு மேலும் அதே காகிதத்தின் நகல் ஒட்டியிருந்தது. கையுறை கிழிந்துவிட்டது, புதுசு வேண்டும் என்று யாராவது வந்து நின்றால் இப்போதெல்லாம் பேனா முனையால் அதைக் காட்டிவிடுகிறார். வருசத்துக்கு ஒரு ஜோடி கொடுப்பார்கள். அது மூன்று மாதத்தில் பல்லிளிக்கும். மிச்ச ஒன்பது மாதத்துக்குத் தோல்தான் கையுறை. அதற்கும் இப்போது ஆராய்ச்சி நற்சான்று கொடுத்துவிட்டது.

லயத்து வீடுகளுக்கு இறங்குகிற மண்பாதையில் பனி அடைத்துக்கொண்டு வந்தது. சாரதா பின்னாலேயே நடந்து வந்தாள். அழவில்லை. அவள் அழுதிருந்தால்கூட மோகனாவுக்குத் தேவலாம் போலிருந்தது.

"விடுங்கக்கா. நான் திரிங்காப்புல பூத்தோட்டத்துக்குப் போயிடுறேன். ஆள் எடுக்குறானாம்."

"அங்கயும் மருந்துதான்டி அடிப்பான்."

"அடிப்பான்தான். ஆனா ஒண்ணுக்கா. யூனிவர்சிட்டிக்காரவங்க வந்தப்போ என் தோலையும் ஒரு துண்டு எடுத்திருந்தா நல்லா இருந்திருக்கும். பாத்தாவது தெரிஞ்சிருக்கும்."

அவள் குற்றமாகச் சொல்லவில்லை. பஸ்ஸைத் தவறவிட்டதைப் பற்றிச் சொல்கிற மாதிரித்தான் சொன்னாள். ஆனால் மோகனா நடு வழியில் நின்றுவிட்டாள். சாரதாவின் தோலை ஏன் எடுக்கவில்லை என்று அந்தத் தோட்டத்தில் ஒரே ஒருத்திக்குத்தான் தெரியும். அந்த ஒருத்தி அவள்தான்.

ரெண்டு வருசத்துக்கு முன்னால் நடந்தது அது. நாளைக்கு யூனிவர்சிட்டியிலிருந்து வருகிறார்கள், பத்து வருசத்துக்கு மேல் வேலை செய்தவர்களில் இருபது பேர் வேண்டுமாம் என்று பழனியப்பன் முந்தின நாள் சொல்லியிருந்தார். வெளியாட்கள் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று மோகனாவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவளுக்கு முன்னால் இருந்த கங்காணியும் அதைத்தான் செய்தார். அவருக்கு முன்னால் இருந்தவரும் அதைத்தான் செய்தார். மந்திரி வரட்டும், டிவிக்காரன் வரட்டும், கியா பார்மில் ஸ்ட்ராபெரி தின்றுவிட்டு வெள்ளைக்காரச் சுற்றுலாக் கூட்டம் வரட்டும், நல்லா இருக்கிறவர்கள் முன்வரிசை. கை சுத்தமாக, பல்லு முழுசாக, சிரிக்கத் தெரிந்தவர்கள். சொறி பிடித்தவர்கள், இருமுகிறவர்கள், கண் பீளை தள்ளியவர்கள் பதினாலாம் நம்பர் மலைக்குப் போய்விட வேண்டும். அது ரோட்டிலிருந்து பார்த்தால் தெரியாது.

பத்து வருசத்தைத் தாண்டியவர்கள் முப்பத்தொரு பேர். மோகனா அன்று காலைப் பெரட்டில் அவர்கள் கையை, கழுத்தை, முகத்தை ஒரு பார்வை பார்த்தாள். காய்கறிக் கடையில் தக்காளி பொறுக்கிய மாதிரி இருபது பேரைப் பொறுக்கினாள். பதினொரு பேரை "பதினாலுக்குப் போங்க" என்றாள். சாரதா அந்தப் பதினொன்றில் ஒருத்தி. அப்போதே அவளுக்கு விரல் இடுக்கில் சிவந்திருந்தது. பம்பைத் தூக்கிக்கொண்டு போனாள்.

ஆராய்ச்சிக்கு வந்தவள் ரூபினி என்கிற சின்னப் பெண். ஈப்போப் பக்கத்துத் தமிழ். டாக்டர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொருவருக்கும் முன்கையில் மரக்க ஊசி போட்டு, மிளகளவு தோலைக் குடைந்து எடுத்துக் குப்பியில் போட்டாள். நல்ல பெண்தான். எதற்கு எடுக்கிறேன் என்று முறையாகச் சொல்லிவிட்டுத்தான் எடுத்தாள்.

"உடம்புக்குக் காவல் காக்குற செல்லு இருக்குதுக்கா. கிருமி வந்தா, மருந்து பட்டா சண்டைக்குக் கிளம்பிடும். அந்தச் சண்டையிலதான் சிவக்குறது, வீங்குறது, அரிக்கிறது எல்லாம். அதைப் 'போதும், அடங்கு'ன்னு சொல்றதுக்கு வேற ஒரு வகைச் செல்லு இருக்கு. முன்னெல்லாம் அது ரத்தத்துலதான் சுத்துதுன்னு நெனச்சோம். இப்பத்தான் தெரியுது, தோலு, குடலு, நுரையீரலுன்னு அங்கங்க குடியிருந்துக்கிட்டே அந்தந்த இடத்துக்கு ஏத்த மாதிரி வேலை செய்யுதுன்னு. அதான் ரத்தம் போதாது, தோலே வேணும்."

"அப்போ அது கங்காணிச் செல்லு," என்றாள் மோகனா. எல்லோரும் சிரித்தார்கள். ரூபினியும் சிரித்தாள். முன்வரிசை என்றால் சிரிக்கத் தெரிந்தவர்கள்தானே.

இப்போது பனிக்குள் நின்றுகொண்டு அந்தச் சிரிப்பை நினைத்தபோது மோகனாவுக்குத் தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. புண் இல்லாதவர்களாகப் பார்த்துப் பொறுக்கிக் கொடுத்தது அவள். அவர்கள் தோலைப் பார்த்துவிட்டு, தோட்டக்காரர்கள் தோல் தாங்கும் என்று எழுதியது யூனிவர்சிட்டி. அந்த எழுத்தை வைத்துத்தான் புண் உள்ளவளை விரட்டுகிறார் துரை. என்ன நியாயம் இது? சாரதாவிடம் சொல்ல வாய் எழவில்லை. "வெள்ளிக்கிழமை வரைக்கும் பூத்தோட்டப் பேச்சை எடுக்காத," என்று மட்டும் சொல்லிவிட்டு விடுவிடுவென்று வீட்டுக்கு நடந்தாள்.

அந்தத் தாளின் அடியில் ரூபினியின் நம்பர் இருந்தது. சாயங்காலம் கோழிகளை அடைத்துவிட்டு, கொல்லைப்பக்கம் லைன் கிடைக்கிற மேட்டில் ஏறி நின்று மோகனா கூப்பிட்டாள்.

"டாக்டரம்மா, பத்தாங்கட்டைத் தோட்டத்துக் கங்காணி பேசுறேன். அந்த இருபது பேரையும் நீங்க எப்படிப் பொறுக்குனதா எழுதியிருக்கீங்க?"

ரூபினிக்கு முதலில் கேள்வி புரியவில்லை. புரிந்ததும், "செக்ரோல் பேர்ப் பட்டியல்ல இருந்து குலுக்கல் போட்டு எடுத்ததுன்னு எழுதியிருக்கோம்க்கா. ஒங்க கிராணி அப்படித்தான் சொன்னாரு," என்றாள்.

"குலுக்கலும் இல்ல, கிலுக்கலும் இல்ல. நான் பொறுக்குனேன். கை நல்லா இருக்கிறவங்களாப் பாத்துப் பாத்துப் பொறுக்குனேன். புண்ணு உள்ளவங்க பதினோரு பேரை மலைக்கு அந்தாண்ட அனுப்பிட்டேன். அதுக்கு முன்னாலேயே தோலு வீணாப்போயி வேலையை விட்டவங்க எத்தனையோ பேரு. அவங்க இந்தத் தோட்டத்துலயே இல்ல. நீங்க வந்து கேக்கவும் இல்ல."

 மோகனா லைன் போய்விட்டதோ என்று போனை எடுத்துப் பார்த்தாள்.

"அக்கா," என்றாள் ரூபினி கடைசியில். குரல் உள்ளே போயிருந்தது. "அது வெளிவந்துடுச்சுக்கா. ஜெர்னல்ல போட்டுட்டாங்க. என் பட்டமே அதுலதான் நிக்குது."

"இங்க ஒருத்தி கையே அதுலதான்மா நிக்குது."

சொல்லிவிட்டு மோகனா சாரதாவின் கையைப் பற்றியும், சட்டம் போட்டு மாட்டிய காகிதத்தைப் பற்றியும், சவுக்காரக் கேள்வியைப் பற்றியும் ஒன்று விடாமல் சொன்னாள். இந்த வயசில் ஒரு படித்த பிள்ளையைத் திட்டக்கூடாது என்று தொடங்கியவள், திட்டித்தான் முடித்தாள். இருபது பேர் கையைக் குடைந்து எடுத்துக்கொண்டு போனாயே, திரும்பி வந்து ஒருதரமாவது பார்த்தாயா, தாங்கும் என்று எழுதினாயே, தாங்கச் சொல்லி எவன் உன்னிடம் கேட்டான் என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரிக் கேட்டாள். ரூபினி ஒரு இடத்திலும் குறுக்கே பேசவில்லை. வெள்ளிக்கிழமை நானே வருகிறேன் என்றாள்.

சொன்னபடி வந்தாள். கோலாலம்பூரிலிருந்து விடிகாலையில் கிளம்பி, மலைப்பாதையில் வாந்தி எடுத்து, வெளிறிப்போய் ஆபீஸ் வாசலில் நின்றாள். ராய்ஸ்டன் துரைக்கு அவளைப் பார்த்ததும் முகமெல்லாம் பல். "வாங்க டாக்டர், ஒங்க பேப்பரைப் பாத்தீங்களா, சுவர்லயே மாட்டிட்டோம்லா," என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். சாரதாவும் மோகனாவும் நின்றுகொண்டிருந்தார்கள். ரூபினி உட்காரவில்லை.

"அதைக் கழட்டிடுங்க சார்," என்றாள்.

துரையின் பல் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போனது.

"அந்தத் தாளை நான்தான் எழுதுனேன். எளிமையா இருக்கணும்னு எழுதுனேன். அதான் என் தப்பு. தொழிலாளிங்க தோல்ல அடக்குற செல்லு கூடுதலா இருந்துச்சு, அது உண்மை. ஆனா தாங்குதுன்னு அதுக்கு அர்த்தம் இல்ல. அங்க அடக்க வேண்டிய சண்டை கூடுதலா நடக்குதுன்னும் இருக்கலாம். தெனமும் மருந்து படுது, தெனமும் காவல் செல்லு கிளம்புது, தெனமும் இதுங்க போய் அடக்குது. எத்தனை வருசத்துக்கு அடக்கும்னு யாருக்கும் தெரியாது. சிலருக்கு ஒருநாள் முடியாமப் போயிடும். அப்படிப் போனா எப்படி இருக்கும்னு பாக்கணும்னா இவங்க கையைப் பாருங்க."

சாரதா கையைச் சுவெட்டருக்குள்ளிருந்து எடுக்கவில்லை. மோகனாதான் அவள் மணிக்கட்டைப் பிடித்து வெளியே இழுத்து மேசைமேல் வைத்தாள். துரை அதைப் பார்த்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தார்.

"இருக்கலாம், இருக்கலாம்னுதானே சொல்றீங்க. உறுதியாச் சொல்ல முடியுமா?"

"முடியாது சார். பொறுக்குன விதமே தப்பு. ஜெர்னலுக்குத் திருத்தம் எழுதி அனுப்பிட்டேன். குலுக்கல்னு சொன்னது பொய்."

"யார் சொன்னா பொய்னு?"

"நான் தொரை," என்றாள் மோகனா. "நான்தான் பொறுக்குனேன். நல்ல தோலா முன்வரிசை, கெட்ட தோலெல்லாம் பதினாலாம் நம்பர். பேரு சொல்லட்டுமா?" சொல்லத் தொடங்கிவிட்டாள். "சாரதா. தனுஜா. ஜெயா. கோகிலன். மேவிஸ்..." பதினோரு பேரையும் பெரட்டில் கூப்பிடுகிற குரலிலேயே கூப்பிட்டாள். நாலு பேருக்குப் பின்னால் மட்டும் நிறுத்தி, "இப்ப இல்ல, நின்னுட்டா," "இப்ப இல்ல, நின்னுட்டான்" என்றாள். அடுத்த அறையில் பழனியப்பன் தட்டிக்கொண்டிருந்த கணினிச் சத்தம் நின்றுபோயிருந்தது.

ராய்ஸ்டன் துரைக்குக் கோபம் வந்தால் சத்தம் போடமாட்டார். குரலை இறக்கிவிடுவார்.

"அப்போ ஆராய்ச்சியைக் கெடுத்தது நீ. தோட்டத்துப் பேரைக் கெடுக்கிறதும் நீ."

"ஆமா. எழுதி வேணும்னாலும் தரேன்."

சாரதா அப்போதுதான் மோகனாவைத் திரும்பிப் பார்த்தாள். பதினாலாம் நம்பருக்குப் போகச் சொன்னது வெறும் வேலைப் பிரிப்பு என்று ரெண்டு வருசமாக நினைத்துக்கொண்டிருந்தவள். அந்தப் பார்வையை மோகனாவால் தாங்க முடியவில்லை. தாங்க முடியவில்லை என்று காட்டிக்கொள்ளவும் அவளுக்கு அந்த நேரத்தில் உரிமை இல்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

துரை டாக்டரின் சூராட்டைக் கோப்பைக்கு அடியிலிருந்து உருவினார். கோப்பை வட்டம் அதில் பழுப்பாகப் பதிந்திருந்தது. மடித்துத் திறந்து, மடித்துத் திறந்து, ஒரு முடிவுக்கு வந்தவர்போல் முன்பிருந்த அதே சிரிப்பைச் சிரித்தார்.

"சரி. டாக்டரே இவ்வளவு தூரம் வந்து சொல்றாங்க. சாரதாவை நர்சரிக்கு மாத்திடலாம். ஆனா மருந்தடிக்கு ஆள் குறையக்கூடாது. அவ எடத்துக்கு ஒரு ஆளு நாளைக்குக் காலையில பம்பு தூக்கணும். அது யாருன்னு நீயே பொறுக்கு மோகனா. ஒனக்குத்தான் ஆள் பொறுக்கத் தெரியுமே. நீ பொறுக்காட்டி சாரதாவே தூக்கட்டும்."

பாதகன், எவ்வளவு பக்குவமாகச் சொருகினான் பாருங்கள்.  ரூபினி படித்த படிப்பில் இதற்கு மருந்து இல்லை. மோகனாவின் காது மடல் நெருப்பாக எரிந்தது. சரி என்றும் சொல்லாமல், மாட்டேன் என்றும் சொல்லாமல், சாரதாவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள்.

வழியில் சாரதா ஒன்றே ஒன்று கேட்டாள். "யாரைக்கா போடப்போறீங்க?" கோபமாகக் கேட்டிருந்தால் மோகனா பதில் சொல்லியிருப்பாள். தன் இடத்துக்கு யார் கை போகப்போகிறதோ என்ற பயத்தோடு கேட்டாள். 

மறுநாள் ஆறரை மணிக்குப் பெரட்டுக்களத்தில் எல்லோரும் வழக்கம்போல் வந்து நின்றார்கள். வழக்கம்போல் என்றால், தாங்களாகவே வரிசை பிரிந்து நின்றார்கள். ஒன்பது வருசப் பழக்கம். முன்னால் நிற்கிறவர்கள் முன்னால், பின்னால் நிற்கிறவர்கள் பின்னால். பிரிஞ்சாங்கில் அறை எடுத்துத் தங்கியிருந்த ரூபினி, சால்வையைப் போர்த்திக்கொண்டு ஓரமாக நின்றாள். நாலு பம்புகள் தரையில் வரிசையாக இருந்தன. ராய்ஸ்டன் துரை காரிலிருந்து இறங்கினார். யாரைப் பொறுக்கியிருக்கிறாள் என்று பார்க்க வந்தவர்.

மோகனா செக்ரோலைத் திறக்கவில்லை. கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

"எல்லாரும் ஒரே வரிசையா வாங்க. முன்னும் வேணாம், பின்னும் வேணாம். கையுறையைக் கழட்டுங்க, சட்டைக் கையை மடக்குங்க. நானே பாத்துப் பாத்துப் பொறுக்கிக் கெடுத்தேன். இன்னைக்குத் தொரை பொறுக்கட்டும். தொரைக்குக் கையைக் காட்டுங்க."

 வங்காளதேசத்து ஆட்கள் மூன்று பேர்தான் முதலில் கழற்றினார்கள். அவர்களுக்கு இந்த வரிசை அரசியல் தெரியாது. பிறகு பின்வரிசைக்காரர்கள் வந்து கையை நீட்டினார்கள். அவர்கள் கை எப்படி இருக்கும் என்று மோகனாவுக்குத் தெரியும். முன்வரிசை கழற்றத் தயங்கியபோதுதான் அவளுக்கு ஒருமாதிரியாக இருந்தது. ஒவ்வொருவராகச் சட்டைக் கையை ஏற்றினார்கள். அவள் பொறுக்கிய இருபது பேரில் ரெண்டு பேர் ஓய்வில் போய்விட்டார்கள். மிச்சம் பதினெட்டு. ரூபினி வரிசையோரமாக நடந்து எண்ணினாள். முழங்கைக்குக் கீழே சிவந்து செதில் உதிர்கிற கை, தேங்காய் எண்ணெய் தடவி மறைத்த கை, பவுடர் அப்பிய கை, விரல் இடுக்கு வெடித்த கை. ஏழு பேர்.

ஏழு பேர். தினமும் காலையில் அவள் முகத்துக்கு நேரே நின்றவர்கள். புண்ணைக் காட்டினால் பதினாலாம் நம்பர் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அதனால் அவளிடமிருந்துதான் மறைத்திருக்கிறார்கள். துரையிடமிருந்து மறைத்திருந்தால்கூட மோகனாவுக்கு இவ்வளவு வலித்திருக்காது.  அழுகை வந்தது. அதை விழுங்கிக்கொண்டு, "பொறுக்குங்க தொரை," என்றாள்.

ராய்ஸ்டன் துரை வரிசையைப் பார்த்து நடந்தார். நீட்டிய கை வந்துகொண்டே இருந்தது, வந்துகொண்டே இருந்தது. சின்ன வயசில் தனக்கு விளையாட்டுக் கூட்டாளியாக இருந்த கோகிலனின் கைக்கு முன்னால் வந்தபோது நடையைக் கொஞ்சம் வேகமாக்கினார். கடைசிக்கு முன்னால் ப்ரியா நின்றாள். முப்பத்தொரு வயசு, எந்த மந்திரி வந்தாலும் மோகனா முதலில் நிறுத்துகிற பெண், தோட்டத்துக் காலண்டரில் கூடையோடு சிரிக்கிறவள். அவள் கை வழுவழுவென்று ஒரு கீறல் இல்லாமல் இருந்தது. துரைக்கு மூச்சு வந்தது.

"இதோ இருக்கே நல்ல கை. ப்ரியா, நீ பம்பைத் தூக்கு."

ப்ரியா நீட்டிய கையை மடக்கவில்லை. அக்கம்பக்கத்தில் நீண்டிருந்த கைகளை ஒரு சுற்றுப் பார்த்தாள். காலண்டரில் சிரிக்கிற சிரிப்பு அவள் முகத்தில் இல்லை.

"என் கை நல்லாத்தான் இருக்கு தொரை," என்றாள். "அதான் தூக்க மாட்டேன்."

யாரும் கையை மடக்கவில்லை. ரூபினி குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டே இருந்தாள். துரை அந்தப் புத்தகத்தைப் பார்த்தார், கீழே இருந்த பம்புகளைப் பார்த்தார், அப்புறம் பழக்கதோஷத்தில் சாரதா நிற்கிற இடத்தைப் பார்த்தார். இதுநாள்வரை யாரும் மாட்டேன் என்றால் கடைசியில் தூக்குகிறவள் அவள்தான். அவள் அங்கே இல்லை. நர்சரிக்குப் போகிற பாதையில் பாதித் தூரம் போயிருந்தாள். வெறும் கையை வீசிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்துகொண்டிருந்தாள்.

அவளைக் கூப்பிடச் சொல்லித் துரை மோகனாவைப் பார்த்தார். மோகனா கூப்பிடவில்லை.